சூட்டை ஜெயித்தால்தான் வேகம்... சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை சீமோர் க்ரே யார்?

செல்ஃபோனில் அரை மணி நேரம் கேம் ஆடிப் பாருங்க. பின்பக்கம் சூடாகும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கேம் திக்கித் திக்கி ஓட ஆரம்பிக்கும். ஃபோன் கெட்டுப்போகவில்லை. உள்ளே இருக்கும் ப்ராசசர், சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

வேகம் வேண்டுமா? முதலில் சூட்டைச் சமாளிக்கணும். இந்த ஒரு விஷயத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் அமெரிக்க இன்ஜினியர் சீமோர் க்ரே. சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள். பல முறை சூட்டை ஜெயித்தவர். ஒருமுறை அதனிடம் தோற்று, பார்த்துக்கொண்டிருந்த வேலையையே விட்டவர்.

யார் இந்த க்ரே?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் சிப்பேவா ஃபால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1925 செப்டம்பர் 28-ம் தேதி அங்கே பிறந்தார் க்ரே. அப்பா சிவில் இன்ஜினியர். பத்து வயதிலேயே, விளையாட்டு சாமான்களை வைத்து, ஓட்டை போட்ட காகித நாடாவை மோர்ஸ் தந்திக் குறியீடாக மாற்றும் கருவியைச் செய்துவிட்டார்.

இரண்டாம் உலகப் போரில் ரேடியோ ஆபரேட்டராக வேலை பார்த்தார். பிலிப்பைன்ஸில் ஜப்பானியர்களின் ரகசியச் செய்திகளை உடைக்கும் பணியிலும் இருந்தார். போர் முடிந்து மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தார். பிறகு கணிதத்தில் முதுகலை. படிப்பு முடிந்ததும் நேராக கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டார்.

34 பேர் செய்த மெஷின்

கன்ட்ரோல் டேட்டா என்ற நிறுவனம் 1957-ல் தொடங்கியது. க்ரே அதில் சேர்ந்தார். மீட்டிங், ஃபைல், மேலாளர்கள் என்று எதுவும் அவருக்குப் பிடிக்காது. அதனால் கம்பெனியே அவருக்காக சொந்த ஊரில், அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்தது.

அங்கே உருவானதுதான் சிடிசி 6600. 1964-ல் வெளிவந்த இந்த மெஷின், அந்தக் காலத்தில் உலகிலேயே வேகமான கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் உலகின் ராஜாவாக இருந்த ஐபிஎம்முக்கு இது பெரிய அடி. காவலாளியையும் சேர்த்து வெறும் 34 பேர் இருக்கும் ஒரு கூடம் நம்மை எப்படி முந்தியது என்று கேட்டு, ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் தன் அதிகாரிகளுக்குக் குறிப்பே அனுப்பினார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், மெஷினின் கூலிங். பெட்டிக்குள்ளேயே குழாய் பதித்து, ஃபிரிட்ஜில் ஓடுவது போன்ற ஃப்ரியானை ஓடவிட்டார்கள். குளிர்சாதனத் துறை அனுபவம் உள்ள இன்ஜினியர் டீன் ராஷ் இந்த வேலையைப் பார்த்தார். மெஷினைச் செய்து முடித்த பிறகு ஃபேன் மாட்டுவது க்ரேயின் வழக்கம் இல்லை. கூலிங்கை வைத்துத்தான் மெஷினையே டிசைன் செய்தார்.

வேகம் கூடினால் ஏன் சூடாகுது?

ப்ராசசர் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்யும். ஒரு துடிப்புக்குள் சிக்னல் ஒரு முனையில் கிளம்பி இன்னொரு முனைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒளிகூட ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும். கம்பிக்குள் ஓடும் சிக்னல் அதைவிட மெதுவு.

அப்போ என்ன செய்யணும்? கம்பியின் நீளத்தைக் குறைக்கணும். அதற்கு எல்லாவற்றையும் நெருக்கி நெருக்கி அடுக்கணும். நெருக்கினால் காற்று போக வழி இருக்காது. சூடு உள்ளேயே தங்கிவிடும். இதுதான் க்ரே மாட்டிக்கொண்ட சிக்கல்.

சிடிசி 8600 என்ற மெஷினில் இந்தச் சிக்கல் கழுத்தைப் பிடித்தது. உதிரிப் பாகங்களை அளவுக்கு மீறி நெருக்கியதில் சூடு அடங்கவில்லை, மெஷின் நம்பி ஓட்டும்படி இல்லை. மொத்த டிசைனையும் முதலில் இருந்து தொடங்க நினைத்தார் க்ரே. அதற்குக் கம்பெனியிடம் பணம் இல்லை. 1972-ல் வெளியே வந்து, க்ரே ரிசர்ச் என்று சொந்த நிறுவனம் தொடங்கினார்.

சோஃபா மாதிரி ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்

1976-ல் முதல் க்ரே-1 மெஷின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போனது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து சி மாதிரி வளைந்திருக்கும். சுற்றிலும் உட்காரும் மெத்தை. பார்க்க சோஃபா போலத் தெரியும். உண்மையில் அந்த மெத்தைக்கு அடியில்தான் பவர் சப்ளை இருந்தது. சி வடிவமும் அழகுக்காக வைத்ததில்லை. உள்பக்கம் கம்பிகள் குட்டையாக இருப்பதற்காகத்தான் அந்த வளைவு.

எடை சுமார் 5.5 டன். 115 கிலோவாட் மின்சாரம் தின்னும். வேகம் 80 மெகாஹெர்ட்ஸ். இப்போது உங்கள் கையில் இருக்கும் ஃபோனின் துடிப்பே 2,000 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும். ஆனால் அன்றைக்கு அந்த 80-தான் உச்சம்.

ஒவ்வொரு ஜோடி சர்க்யூட் போர்டுக்கும் நடுவில் ஒரு செம்புத் தகடு. அந்தத் தகடு சூட்டை இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவரும். ஓரத்தில் இருக்கும் குழாயில் ஃப்ரியான் ஓடி அதை வெளியே எடுத்துப்போகும். தொடக்கத்தில் இதுவே தலைவலியும் ஆனது. ஃப்ரியானோடு கலந்த எண்ணெய் கசிந்து போர்டுகளில் படிந்து ஷார்ட் ஆனது. குழாய்களுக்குப் புது வெல்டிங் முறை கண்டுபிடித்த பிறகுதான் வேலை நகர்ந்தது. கூலிங் கோளாறால் மட்டும் ஆறு மாதம் தாமதம்.

1985-ல் வந்த க்ரே-2 இன்னும் ஒரு படி மேலே போனது. போர்டுகளை அடுக்கடுக்காக நெருக்கியதால் தகடு, குழாய் எதற்கும் இடம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? மொத்த சர்க்யூட்டையும் ஃப்ளோரினெர்ட் என்ற திரவத்தில் மூழ்கடித்துவிட்டார். இது மின்சாரத்தைக் கடத்தாத திரவம் என்பதால் ஷார்ட் ஆகும் பயம் இல்லை. கண்ணாடி வழியாகக் குமிழிகள் தெரியும். மெஷினுக்கு பபிள்ஸ் என்ற செல்லப்பெயரே வந்துவிட்டது.

அவர் விரும்பாத பாதை

பல சின்ன ப்ராசசர்களைச் சேர்த்து ஒரு பெரிய மெஷின் செய்யும் யோசனையை க்ரே ரசிக்கவில்லை. குறைந்த எண்ணிக்கை, ஆனால் அதிவேகம் என்பதே அவர் கட்சி.

இங்கே இந்தியாவும் கதைக்குள் வருகிறது. 1980-களில் இந்தியா க்ரே நிறுவனத்தின் மெஷின் கேட்டபோது, ஆயுத ஆராய்ச்சிக்குப் போய்விடுமோ என்று அமெரிக்கா தயங்கியது. கடைசியில் வானிலைக் கணிப்புக்கு மட்டும் ஒரு மெஷின் டெல்லிக்கு வந்தது. நாமே செய்வோம் என்று 1988-ல் சி-டாக் நிறுவனம் உருவானது. 1991-ல் பரம் 8000 தயாரானது. எப்படி? பல சின்ன ப்ராசசர்களைச் சேர்த்துத்தான்!

க்ரே தன் பாதையை விடவில்லை. சிலிக்கானுக்குப் பதில் கேலியம் ஆர்சனைடு சிப் வைத்து க்ரே-3 செய்தார். ஒரே ஒரு மெஷின்தான் வெளியே போனது, அதுவும் விற்பனையாகவில்லை. 1995-ல் அவர் புதிதாகத் தொடங்கியிருந்த நிறுவனம் திவால் ஆனது. 70 வயதில் மறுபடி இன்னொரு நிறுவனம் தொடங்கினார். 1996 செப்டம்பரில் கொலராடோவில் கார் விபத்து. அக்டோபர் 5-ம் தேதி 71 வயதில் காலமானார்.

உங்க கம்ப்யூட்டருக்கு இதில் என்ன பாடம்?

க்ரே இறந்து எட்டு ஆண்டுகளில் வீட்டு கம்ப்யூட்டர்களும் அதே சுவரில் முட்டின. 2004-ல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. 2005-ல் டூயல் கோர் வந்தது. அதாவது, ஒரே ப்ராசசரை ஓட ஓட விரட்டுவதை விட்டுவிட்டு, இரண்டு மூளை வைத்து வேலையைப் பங்குபோட்டார்கள்.

ஆனாலும் வேகப் பிரியர்கள் விடவில்லை. 2006-ல் வந்த கோர் 2 டுவோ சிப்களை, கம்பெனி நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டினார்கள். இதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக்கிங்.

இதில் ஒரு கணக்கு இருக்கு. வேகம் கூட்டினால் சிப் தடுமாறும். தடுமாறாமல் இருக்க வோல்டேஜும் கூட்டணும். இரண்டையும் தலா 10 சதவீதம் கூட்டினால் சூடு 10 சதவீதம் கூடாது, சுமார் 33 சதவீதம் கூடும். காரணம், வோல்டேஜ் கூடினால் அதன் இருமடிக்கு ஏற்ப சூடு ஏறும்.

அதனால் ஓவர்கிளாக் செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கூலர்தான். ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்கா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கா, ஃபேனில் தூசி அடைத்திருக்கா என்று பார்க்கணும். பிறகு வேகத்தை ஒரேயடியாக ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் கவனிக்கணும். கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆனால், அல்லது ஸ்க்ரீன் உறைந்துபோனால், பின்வாங்கிவிட வேண்டியதுதான்.

உங்க சிபியு பெட்டியைத் திறந்தால் தெரியும் ஹீட்சிங்க், க்ரே-1-ல் இருந்த செம்புத் தகட்டின் வேலையைத்தான் செய்யுது. சில டேட்டா சென்டர்களில் இன்று சர்வர்களைத் திரவத்தில் மூழ்க வைக்கிறார்கள். க்ரே அதை 1985-லேயே செய்து காட்டிவிட்டார். பல ப்ராசசர் விஷயத்தில் காலம் அவரை முந்திவிட்டது. சூடு விஷயத்தில், அவர் போன வழியில்தான் இன்றைக்கும் எல்லோரும் போகிறார்கள்.