களம் கண்ட மருத்துவர்

நோயுற்றாரைக் காப்பது மருத்துவர் கடன். நாட்டைக் காப்பது வீரர் கடன். இவ்விரண்டு கடன்களையும் ஒருவரே ஏற்று நடத்துதல் அரிது. பெண்கள் பள்ளிக்குச் செல்வதே பெரிதெனக் கருதப்பட்ட காலத்தில் பிறந்த ஒரு பெண்மணி அவ்விரண்டையும் ஏற்றார். அவரே கேப்டன் லட்சுமி எனப் புகழ்பெற்ற டாக்டர் லட்சுமி சாகல் அம்மையார்.

லட்சுமி, 1914ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுவாமிநாதன் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் நாட்டு விடுதலைக்கு உழைத்தவர். பின்னாளில் அரசியல் நிருணய சபையில் உறுப்பினராக விளங்கியவர். செல்வமும் கல்வியும் நிறைந்த அவ்வில்லத்தில் நாட்டுப்பற்றும் உடன் வளர்ந்தது.

அக்காலத்தில் பெண்கள் பலர் ஆண் மருத்துவரிடம் தம் நோயைக் கூற நாணி, துன்பத்தைப் பொறுத்துக் கொண்டே வாழ்ந்தனர். இந்நிலையில் பெண் மருத்துவரின் தொண்டு பெரிதும் வேண்டப்பட்டது. லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1938ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மகப்பேற்று மருத்துவத்திலும் சிறப்புப் பயிற்சி பெற்றார். 1940ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குச் சென்று, அங்கே ஒரு மருத்துவ நிலையம் அமைத்தார்.

அந்நாளில் பிழைப்பை நாடிக் கடல் கடந்த தமிழ் மக்கள் மலேயாவில் மிகப் பலர் இருந்தனர். கங்காணிகளின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர்கள், இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டி, குறைந்த கூலிக்கு உழைத்தனர். சிங்கப்பூரிலும் இந்தியத் தொழிலாளர் பலர் வறுமையில் வாடினர். அவ்வேழை மக்களுக்கே லட்சுமியின் மருத்துவ நிலையம் பெரிதும் பயன்பட்டது.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. காயமுற்றோருக்கு மருத்துவம் செய்த லட்சுமி, போரின் கொடுமையைக் கண்ணெதிரே கண்டார்.

1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். ஆடவர் மட்டுமன்றிப் பெண்களும் படைக்கலம் ஏந்த வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலேயரை எதிர்த்து 1858ஆம் ஆண்டில் களத்தில் உயிர்நீத்த ஜான்சிராணியின் பெயரால் மகளிர் படையொன்றை அமைக்க எண்ணிய அவர், அதனை நடத்தும் பொறுப்பினை லட்சுமியிடம் அளித்தார். வருவாயும் அமைதியும் நிறைந்த வாழ்வு ஒரு புறம். துன்பமும் உயிரச்சமும் நிறைந்த படைவாழ்வு மறுபுறம். லட்சுமி தயங்காமல் மருத்துவ நிலையத்தை விட்டுப் பாசறை புகுந்தார். டாக்டர் லட்சுமி, கேப்டன் லட்சுமியானார்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் நிறுவப்பட்ட தற்காலிக இந்திய அரசில், அவர் ஒருவரே பெண் அமைச்சர். மறுநாள் சிங்கப்பூரில் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதிற் சேர்ந்தவர்களில் தோட்டத் தொழிலாளரின் பெண்மக்கள் பலர். தாய்நாட்டு மண்ணை ஒருமுறையேனும் மிதித்தறியாத நங்கையரும் அவர்களுள் இருந்தனர். நேற்றுவரை பால்வாளி சுமந்த கைகள் துப்பாக்கி ஏந்தப் பயின்றன. சிலர் செவிலியர் பயிற்சியும் பெற்றனர்.

உயிர் காக்கும் மருத்துவர் படைக்கலம் ஏந்தலாமோ என ஐயுறுதல் இயல்பே. அவ்வையத்திற்கு அம்மையாரின் வாழ்வே விடை கூறுகின்றது. 1944ஆம் ஆண்டில் மகளிர் படையின் ஒரு பகுதி பர்மாவிற்குச் சென்றது. ஆயின், இம்பால் முற்றுகை தோல்வியுற்றமையால், போர்முனையில் நின்று பொரும் வாய்ப்பு அம்மகளிர்க்குக் கிட்டவில்லை. போர்முனையிலிருந்து நோயுற்றும் புண்பட்டும் திரும்பிய வீரர்களுக்குப் பணிவிடை செய்வதே அவர்கள் கடமையாயிற்று. பகைவரைத் தாக்கச் சென்றவர்கள் உயிர்களைக் காத்து நின்றனர்.

1945ஆம் ஆண்டில் லட்சுமி ஆங்கிலேயரால் பர்மாவில் சிறைபிடிக்கப்பட்டார். 1946ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டார். செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட படைத்தலைவர்களுள் ஒருவரான பிரேம்குமார் சாகலை 1947ஆம் ஆண்டில் மணந்து, கான்பூரில் குடியேறினார். நாடு விடுதலை பெற்றது. கூடவே பிரிவினையும் நேர்ந்தது. வீடிழந்து வந்து குவிந்த அகதிகளுக்கு அம்மையார் மருத்துவம் செய்தார். படையுடையைக் களைந்தாரேயன்றித் தொண்டினைக் களையவில்லை.

1971ஆம் ஆண்டில் வங்கதேசத்திலிருந்து அகதிகள் வந்தபோதும், 1984ஆம் ஆண்டில் போபால் நகர மக்கள் நச்சுவாயுவால் துன்புற்றபோதும், அவர் அங்கெல்லாம் சென்று பணிபுரிந்தார். 1998ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருது அவரை அடைந்தது. 2002ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தேர்தலில் டாக்டர் அப்துல் கலாமை எதிர்த்து நின்று தோல்வியுற்றார். அதன்பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. தொண்ணூறு அகவை கடந்தும், கான்பூரில் தம் மருத்துவ நிலையத்திற்குச் சென்று ஏழைகளின் நோய் தீர்த்தார்.

2012ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள், தம் 97ஆம் அகவையில் அம்மையார் இயற்கை எய்தினார். அவர் விருப்பப்படி அவருடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. மருத்துவம் பயிலும் மாணவர்க்கு அதுவும் ஒரு பாடமாயிற்று. எந்த இடத்தில் தாம் தேவைப்பட்டாரோ அந்த இடத்தில் நிற்பதே அவர் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட நெறி. பாசறையாயினும் நோயாளியின் படுக்கையாயினும் அவருக்கு இரண்டும் ஒன்றே.