நார்வே நாட்டுக் கதை திரட்டிய ஆஸ்பியோர்ன்சென்

பாலத்தின் கீழ்ப் பதுங்கியிருந்த பூதத்தை வென்று அக்கரை சேர்ந்த மூன்று ஆட்டுக்கடாக்களின் கதை பல நாட்டுச் சிறுவரும் அறிந்தது. அது நார்வே தேசத்துக் குடியானவர் அடுப்பங்கரையில் வழங்கியதாகும். அதனையும் அதுபோன்ற பலவற்றையும் ஏட்டில் ஏற்றியவர் இருவர். அவருள் மூத்தவராகிய பேட்டர் கிறிஸ்டென் ஆஸ்பியோர்ன்சென் என்பாரது சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

இவர் 1812-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், இன்று ஆஸ்லோ என வழங்கும் கிறிஸ்தியானியா நகரில், கண்ணாடி வேலை செய்வார் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். மாணவப் பருவத்தில் ரிங்கெரிகே என்னும் நாட்டுப்புறத்திற் பயின்றபோது, யோர்கன் மோ என்ற உழவர் மகனோடு நட்புக்கொண்டார். மோ பிற்காலத்தில் குருவானவராகி அத்தியட்சர் பதவியும் எய்தினார். ஆஸ்பியோர்ன்செனோ மருத்துவமும் இயற்கை நூலும் கற்றார். இடையே சில ஆண்டு கிராமங்களில் வீட்டாசிரியராகவும் இருந்தார்.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர் ஆற்றிய பணி நண்பரிருவர்க்கும் வழிகாட்டிற்று. ஆயின், அச்சகோதரர்க்கில்லாத இடர் ஒன்று இவர்களுக்கு நேர்ந்தது. நார்வே பன்னெடுங்காலம் டென்மார்க்கு அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1814-இல் அப்பிணிப்பு அற்றும், ஏட்டுமொழி டேனிஷ் மொழியாகவே நின்றது; பள்ளியிலும் பிரசங்க பீடத்திலும் அதற்கே மதிப்பு. குடியானவர் பேச்சு வேறு. அதுவும் பள்ளத்தாக்குத்தோறும் மாறுவது. கதைகளைத் திருந்திய டேனிஷில் எழுதினால் அவற்றின் உயிர் போய்விடும். ஓர் ஊர்ப் பேச்சிலே எழுதினால் பிறவூரார் இடர்ப்படுவர், கற்றோர் எள்ளுவர். என் செய்வது? எழுத்து முறையை டேனிஷாகவே வைத்துக்கொண்டு, வாக்கியத்தின் போக்கைக் கதை சொல்வோர் வாயினின்று எடுத்தனர்; ஈடற்ற ஊர்ச்சொற்களை அவ்வாறே ஆண்டனர். கதைகளைத் திரட்டியதினும் இதுவே அரிய செயலென்பது நம் கருத்து.

1841-இல் வெளிவந்த முதற் சிறு பகுதியில் தலைப்பேடுமில்லை, தொகுத்தோர் பெயருமில்லை. 1844 வரை ஏனைய பகுதிகள் தொடர்ந்தன. யாக்கோபு கிரிம் அவற்றை வியந்து பாராட்டினார். 1852-ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு மோ ஆராய்ச்சி முன்னுரை வரைந்தார். 1859-இல் டேசென்ட் என்பாரது ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இதற்கிடையே, 1845 முதல் 1848 வரை, வனமோகினிகளைப் பற்றிய கதைகளை ஆஸ்பியோர்ன்சென் தனியே வெளியிட்டார். தாம் மலைக்காடுகளில் அலைந்ததையும், ஆங்காங்குக் கதை சொன்னோர் இயல்பையும் அவற்றோடு பின்னிக் காட்டினமையால், அந்நூலில் நார்வே நாடே நம் கண்முன் நிற்கின்றது.

கதையினாற் பிழைப்பு நடவாது. ஆதலின் இயற்கை நூற் புலமையே இவர்க்குச் சோறிட்டது. 1853-இல் ஹார்டாங்கர் கடற்கழியின் ஆழத்தினின்று பதினொரு கைகளையுடைய உடுமீன் ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் ஒளியைக் கண்டு, பழங்கதையில் ப்ரேயா தேவி அணிந்த ஆபரணத்தின் பெயரால் பிரிசிங்கா என்று அழைத்தார். பின்னர்க் காட்டதிகாரியாகவும், எரிபொருளாக உதவும் சதுப்புநிலக் கரியை ஆராய்பவராகவும் அரசாங்கத்திற்கு உழைத்தார்.

1864-இல் புனைபெயரில் ஒரு சமையல் நூலும் எழுதினார். கஞ்சியை இறக்குந் தறுவாயில் மீண்டும் மாவு தூவும் வழக்கம் வீண்செலவென்று அதிற் கண்டித்தார். ஐலெர்ட் சுந்த் என்னும் அறிஞர் குடியானவப் பெண்டிர்க்காகப் பரிந்தெழுத, நாடெங்கும் கஞ்சிப் போர் மூண்டது. கிழவியர் வாய்மொழியை அத்துணை நம்பியவர் அவர்தம் கைப்பக்குவத்தை நம்பாதது வியப்பே!

மோ 1882-இலும், ஆஸ்பியோர்ன்சென் 1885 ஜனவரியிலும் காலமாயினர். பிந்திய பதிப்புகளின் மொழியை மோவின் மைந்தர் மோல்ட்கே மோ நாட்டுப் பேச்சிற்கு மேலும் அணுக்கமாக்கினார். 1907-இல் நிகழ்ந்த எழுத்துச் சீர்திருத்தத்தால், நார்வேயின் ஏட்டுமொழி டேனிஷினின்று வெளிப்படையாகப் பிரிந்தது.