மருத்துவர் கையில் இரண்டு அமானிதங்கள்
(அபூபக்ர் அர்-ராஸீயின் வாழ்வும் நெறியும்)

நோயுற்றவர் ஒருவர் மருத்துவர் முன் சென்று அமரும்போது இரண்டினை அவர் கையில் ஒப்படைக்கின்றார். ஒன்று அவருடைய பொருள். மற்றொன்று அவருடைய மறை. துணி வாங்குவோர் நூலைத் தடவிப் பார்த்து விலை பேசலாம். அரிசி வாங்குவோர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கலாம். மருந்து வாங்குவோருக்கோ எழுதித் தருபவரின் சொல்லை நம்புவதன்றி வேறு வழியில்லை. அவ்வாறே, பெற்றோரிடம் சொல்லக் கூசுகின்ற செய்தியையும் மருத்துவரிடம் மறைக்க இயலாது. ஆகவே மருத்துவர் ஊதியத்தோடு இரண்டு அமானிதங்களையும் பெற்றுக்கொள்கின்றார். இவ்விரண்டையும் பற்றி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆழ்ந்து எண்ணியவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ ஆவார். ஐரோப்பியர் அவரை ரேஸஸ் என்று அழைத்தனர். அப்பேரறிஞரின் வாழ்வை இவ்விரு அமானிதங்களின் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் பணியும்

இன்றைய தெஹ்ரான் நகருக்கு அருகில் அமைந்திருந்த பழம்பெரும் நகரம் ரை. அந்நகரில் ஹிஜ்ரி 251இல், அஃதாவது கி.பி. 865இல் அவர் பிறந்தார். ராஸீ என்னும் பெயரே ரை நகரத்தார் என்று பொருள்படுவதாகும். இளமையில் யாழிசையில் ஈடுபாடு கொண்டிருந்தார் என்றும், முப்பது வயதைக் கடந்த பின்னரே மருத்துவக் கல்வியில் முழுமையாக இறங்கினார் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். ரை நகர மருத்துவமனைக்குத் தலைமை ஏற்ற அவர், பின்னர் பக்தாதிலும் அத்தகைய பொறுப்பை வகித்தார். ரை நகரின் ஆளுநராக விளங்கிய மன்சூர் இப்னு இஸ்ஹாக்குக்கு உரிமையாக்கி அவர் எழுதிய 'கித்தாபுல் மன்சூரீ' ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக நிலவிற்று. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி விளக்கிய அவரது சிறுநூல் உலகப் புகழ் பெற்றது. அவர் எழுதிய நூல்களைத் தொகுத்துப் பட்டியலிட்ட அல்-பீரூனீ 184 நூல்களைக் குறிப்பிடுகின்றார்.

நகரின் பல இடங்களில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எவ்விடத்தில் அது மெதுவாகக் கெட்டதோ அவ்விடத்தைப் பக்தாத் மருத்துவமனைக்காக அவர் தேர்ந்தெடுத்தார் என்னும் செய்தி மேடைகளில் பலகாலும் பேசப்படுவது. எனினும் அச்செய்தியோடு இணைத்துக் கூறப்படும் அளுதீ மருத்துவமனை, அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே திறக்கப்பட்டது. ஆதலின் இக்கதையை விடுத்து, உறுதியான செய்திகளைக் கொண்டே அவரை அறிதல் நன்று. மெய்யியலில் அவர் கொண்டனவாகக் கூறப்படும் சில கருத்துகளை அக்கால அறிஞரே வன்மையாக மறுத்துள்ளனர். அவ்விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்குவதன்று.

மருத்துவமனை என்னும் வகுப்பறை

அர்-ராஸீயை நேரில் கண்ட முதியவர் ஒருவர் கூறியதாக இப்னுன் நதீம் ஓர் அரிய சித்திரத்தை நமக்கு விட்டுச் சென்றுள்ளார். அர்-ராஸீ அவையின் நடுவில் அமர்ந்திருப்பார். அவருக்கு முன் மாணவர்கள், அவர்களுக்கு முன் அவர்தம் மாணவர்கள், அவர்களுக்கும் முன் வேறு மாணவர்கள் என வரிசை வரிசையாக அமர்ந்திருப்பர். வருகின்ற நோயாளி முதலில் கடைசி வரிசையினரிடம் தம் குறையைக் கூறுவார். அவர்களுக்குத் தெரியாவிடின் அடுத்த வரிசைக்குச் செல்லும். எவருக்கும் விளங்காதது மட்டுமே ஆசிரியரிடம் வந்து சேரும். அவர் ஏழைகளிடம் பேரன்பு காட்டினார் என்றும், நோயுற்ற வறியவர்க்குத் தாமே உதவித்தொகை அளித்துப் பேணினார் என்றும், எந்நேரமும் எழுதிக்கொண்டோ படியெடுத்துக்கொண்டோ இருந்தார் என்றும் அதே குறிப்பு தெரிவிக்கின்றது.

மருந்தும் வாணிகமும்

அர்-ராஸீ வாழ்ந்த காலத்தில் பக்தாத் அங்காடிகளில் மருந்துக் கடைகள் தனித்தொழிலாக வளர்ந்துவிட்டிருந்தன. இந்தியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த அரிய சரக்குகள் அங்கே பெருவிலைக்கு விற்றன. அர்-ராஸீயோ வேதியியலிலும் வல்லவர். வடித்தல், பதங்கமாக்கல் முதலிய செய்முறைகளையும் அவற்றுக்குரிய கருவிகளையும் நூலில் விரித்துரைத்தவர். பலசரக்குக் கூட்டுமருந்துகளைச் செய்து தம் பெயராலேயே விற்றிருந்தால் செல்வம் குவித்திருக்கலாம். அவர் கைக்கொண்ட நெறி அதற்கு நேர்மாறானது. உணவினால் தீர்க்கக்கூடிய நோய்க்கு மருந்து கொடுக்கலாகாது. ஒரே சரக்கினால் தீர்வதற்குக் கூட்டுமருந்து கொடுக்கலாகாது என்பது அவர் வகுத்த முறை. இம்முறையைப் பின்பற்றும் மருத்துவரால் மருந்து வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்ட இயலாது என்பது வெளிப்படை. வள்ளுவப் பெருந்தகையார் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் ஆறனை உணவின் அளவுக்கே ஒதுக்கியிருப்பது தமிழ் மாணவர் இங்கு ஒப்பிட்டு மகிழத்தக்கது.

இந்நெறியின் கனியாக விளைந்தது 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்' என்னும் நூல். மருத்துவர் அருகில் இல்லாதவருக்கானது என்பது அப்பெயரின் பொருள். ஏழைகளின் மருத்துவம் என்றும் அதனை வழங்குவர். சமையலறையிலும் அருகிலுள்ள அங்காடியிலும் எளிதிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு நோய் தீர்க்கும் வழிகளை அதில் அவர் எடுத்துரைத்தார். தம்மை நாடி வரவேண்டிய தேவையையே குறைக்கும் நூலை ஒரு மருத்துவர் எழுதினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

போலி மருத்துவர் பற்றியும் அவர் கடுமையாக எழுதினார். வலிப்பைத் தீர்ப்பதாகக் கூறித் தலையின் பின்புறத்தில் கீறி, முன்னரே கையில் ஒளித்து வைத்திருந்த பொருளை அங்கிருந்து எடுத்ததுபோல் காட்டுவோர், பல்லிலிருந்தும் காதிலிருந்தும் புழுக்களை எடுப்பதாக நடிப்போர் முதலியோரின் தந்திரங்களை 'மன்சூரீ' நூலில் ஒவ்வொன்றாக அவர் வெளிப்படுத்தினார். மக்கள் ஏன் நல்ல மருத்துவரை விடுத்துப் போலிகளை நாடுகின்றனர் என்பதை ஆராய்ந்து தனிநூலும் செய்தார். தேர்ந்த மருத்துவராலும் எல்லா நோய்களையும் தீர்க்க இயலாது என்பதை விளக்கவும் ஒரு நூல் எழுதினார். தம் கலையின் எல்லையைத் தாமே அறிவிப்பவர், தீராத நோய்க்கும் தீர்வு உண்டென்று கூறி மருந்து விற்க முற்படமாட்டார் அன்றோ?

சோதித்தறியாத எதனையும் அவர் எளிதில் ஏற்கவில்லை. பாதரசத்தின் விளைவை அறியக் குரங்கொன்றுக்கு அதனைக் கொடுத்து, அது வயிற்றுவலியால் துன்புற்றதைக் குறித்து வைத்தார். மூளைக் காய்ச்சலின் அறிகுறி காட்டிய நோயாளிகளில் ஒரு சாராருக்குக் குருதி வாங்கி, மற்றொரு சாராருக்கு வாங்காது விட்டு, இரு சாராரின் நிலையையும் ஒப்பிட்டு முடிவுக்கு வந்தார். மருந்தின் பயனை விற்பவரின் சொல்லால் அளக்காமல், நோயாளியின் உடல்நிலையால் அளந்த முறை இது.

மறைகாக்கும் கடமை

அரசர் ஒருவரின் மருத்துவராகப் பணியேற்ற தம் மாணவருக்கு அர்-ராஸீ எழுதிய மடல் மருத்துவ ஒழுக்கநூல்களுள் சிறந்த ஒன்றாக மதிக்கப்படுகின்றது. மருத்துவர் மக்களிடம் மென்மையாக நடந்துகொள்ள வேண்டும். அவர்களைப் பற்றிப் புறம் பேசலாகாது. அவர்களின் மறைகளைக் காக்க வேண்டும் என்று அதில் அவர் அறிவுறுத்துகின்றார். அதற்கு அவர் காட்டும் காரணம் நெஞ்சைத் தொடுவது. மனிதன் தன் தாய் தந்தையரிடமும் மறைக்கின்ற நோயை, வேறு வழியின்மையால் மருத்துவரிடம் மட்டும் திறந்து காட்டுகின்றான். விரும்பிச் சொல்லாமல் தேவையினால் சொன்ன சொல் ஆதலின், அதனைக் காக்கும் கடமை இருமடங்காகின்றது. பெண்களைப் பார்க்கும்போது பார்வையைக் காக்க வேண்டும் என்பதும், செல்வரைப் போன்றே ஏழையரையும் பேணவேண்டும் என்பதும் அம்மடலில் இடம்பெறும் பிற அறிவுரைகளாம்.

எழுதி வைத்த ஏடுகள்

மறை காக்கச் சொன்ன இதே அறிஞர், தாம் கண்ட நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை இடையறாது எழுதியவரும் ஆவார். கிரேக்க, சிரிய, இந்திய மருத்துவ நூல்களில் கற்றவற்றை நோய்வாரியாகத் தொகுத்து, அவற்றின் பக்கத்திலேயே தம் அனுபவத்தையும் எழுதினார். சரகர், சுசுருதர் ஆகிய நம் நாட்டு ஆசிரியரின் பெயர்களும் அக்குறிப்புகளில் உண்டு.

அவற்றுள் ஒரு குறிப்பு புகழ்பெற்றது. ஒருவருக்குக் காய்ச்சல் சில வேளை நாள்தோறும், சில வேளை முறை வைத்து மூன்றாம் நாளும் நான்காம் நாளும், சில வேளை ஆறு நாட்களுக்கு ஒருமுறையும் வந்தது. சிறுநீரும் அடிக்கடி கழிந்தது. அது முறைக்காய்ச்சலாகவோ சிறுநீரகப் புண்ணாகவோ இருக்கலாம் என்று அர்-ராஸீ கருதினார். சின்னாட்களில் சிறுநீரில் சீழ் வெளிப்பட்டு, புண்ணே என்பது உறுதியாயிற்று. ஏற்ற மருந்துகளால் நோயாளி நலமடைந்தார். குறிப்பு அத்துடன் முடியவில்லை. இடுப்பில் பாரம் தொங்குவதுபோல் இருக்கிறதா என்று தாம் கேட்கத் தவறியதை அர்-ராஸீ அதிலேயே எழுதி வைத்தார். வென்றதை மட்டும் எழுதினால் அது விளம்பரமாகிவிடும். தவறியதையும் எழுதியதனால் அது பின்வருவோர்க்குப் பாடமாயிற்று. அந்நோயாளியின் பெயரும் ஏட்டில் உண்டு. பாடத்துக்கு அப்பெயர் வேண்டுவதில்லை ஆதலின் இங்கு அதனைக் கூறவில்லை.

அர்-ராஸீ ஹிஜ்ரி 313இல், கி.பி. 925இல் ரை நகரில் காலமானார் என்பது அல்-பீரூனீயின் கணக்கு. அவர் மறைந்தபின் குறிப்பேடுகள் அவருடைய சகோதரியிடம் இருந்தன. அமைச்சரும் அறிஞருமான இப்னுல் அமீத் பெரும்பொருள் கொடுத்து அவற்றைப் பெற்று, அர்-ராஸீயின் மாணவரைக் கொண்டு ஒழுங்குபடுத்தினார் என்று வரலாறு கூறும். அவ்வாறு உருவானதே 'அல்-ஹாவீ' என்னும் மாபெரும் மருத்துவக் களஞ்சியம். 1279இல் அது லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டது. 1486இல் இத்தாலியில் அச்சேறியது. அதன் அரபு மூலத்தை 1955 முதல் பல தொகுதிகளாக வெளியிட்ட பெருமை நம் நாட்டு ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனத்துக்கு உரியது. மாணவர்கள் தொகுத்த 'கித்தாபுத் தஜாரிப்' என்னும் நூலில் மட்டும் ஏறத்தாழ 900 நோயாளிகளின் குறிப்புகள் உள்ளன.

அந்த ஏடுகள் கிடைத்திராவிடின் உலகம் பேரிழப்புக்கு உள்ளாகியிருக்கும். ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. தம் பயிற்சிக்கெனத் தனியே எழுதியவை, எழுதியவர் கண் மூடியதும் விலை பெற்றன, கை மாறின, நாடு கடந்தன. அவற்றில் இருந்த பெயர்களும் அவற்றோடு சென்றன. எவருடைய இசைவும் கேட்கப்படவில்லை. கேட்பதற்கு அக்காலத்தில் முறையும் இல்லை. மருத்துவரின் நா காத்த மறையை அவர் எழுதிய ஏடு காக்குமா என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது.

இன்றைய மருத்துவருக்கு

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த நடத்தை விதிகள் இவ்விரு அமானிதங்களையும் சட்டமொழியில் சொல்கின்றன. நோயாளியை அனுப்பி வைத்ததற்கோ மருந்தைப் பரிந்துரைத்ததற்கோ தரகுத்தொகை பெறலாகாது. மருத்துவர் தாமே மருந்து வழங்குவது தவறன்று. அதன்வழி நோயாளியைச் சுரண்டுவது தவறு. உட்கூறு இன்னதெனத் தெரியாத இரகசிய மருந்தைத் தருவதும் தவறு. உள்நோயாளியின் குறிப்புகளை மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும். உரியவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தருதல் வேண்டும். தொழிலின்போது அறிந்த மறையை வெளியிடலாகாது. அக்கவுன்சிலின் இடத்தில் 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் அமைந்தது. ஆணையம் 2023இல் வெளியிட்ட புதிய நடத்தை விதிகள் அவ்வாண்டிலேயே நிறுத்தி வைக்கப்பட்டன.

விதி இருப்பினும் சோதனை ஓயவில்லை. சத்து மாவு டப்பாக்களும் ஊட்டச்சத்து மாத்திரைகளும் மருத்துவரின் அறையிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். அவற்றுள் சில, சிலருக்குத் தேவையே. குருதிச் சோகைக்கு இரும்புச் சத்தும், கருவுற்ற தாய்க்கு ஃபோலிக் அமிலமும் நன்மை தருவன. எனினும், பரிந்துரைக்கும் கையும் விற்பனை இலாபம் வாங்கும் கையும் ஒன்றாகிவிட்டால், இது நோயாளிக்குத் தேவையா என்னும் வினாவுக்கு விடை சொல்பவரின் மனம் கலங்கிவிடுகின்றது. நாட்கூலி வாங்கும் தந்தை அச்சீட்டை மறுக்கத் துணியமாட்டார். வீட்டு உணவைக் குறைத்தேனும் டப்பாவை வாங்கிச் செல்வார். உணவுக்குப் பின்னரே மருந்து என்ற அர்-ராஸீயின் முறை இங்கே தலைகீழாகின்றது. குறிப்பேடும் இன்று கணினிக்குள் புகுந்துவிட்டது. அன்று ஓர் அமைச்சர் பொருள் கொடுத்துப் பெற்ற ஏட்டை, இன்று ஒரு நொடியில் ஆயிரம் படிகள் எடுக்கலாம். நோயாளியின் பட்டியல் மருந்து விற்போர் கைக்குச் செல்லுமாயின், இரண்டு அமானிதங்களும் ஒரே வேளையில் விலைபோகின்றன.

முடிவுரை

தம் வாழ்வைப் பற்றித் தாமே எழுதிய நூலில், தமக்குப் பொருளாசை இருந்ததாக எவரும் கூற இயலாது என்றும், பிறரோடு வழக்காடித் தம் உரிமையை நிலைநாட்டுவதைவிட விட்டுக்கொடுத்ததே மிகுதி என்றும் அர்-ராஸீ குறிப்பிடுகின்றார். பெருந்தொகுப்பு ஒன்றுக்காகப் பதினைந்து ஆண்டுகள் இரவு பகலாக உழைத்ததனால் கண் மங்கி, கைத் தசைகள் தளர்ந்து, பிறரைப் படிக்கவும் எழுதவும் வைத்துக்கொண்டு பணியைத் தொடர்ந்ததாகவும் கூறுகின்றார். இறுதியில் அவர் பார்வையை முற்றிலும் இழந்தார்.

நம் கல்லூரியில் பயின்று மருத்துவத் துறைக்கும் மருந்தியல் துறைக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் கணினிப் பணிக்கும் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்கள் பலராவர். அவர்களுள் ஒருவர் மருந்துச் சீட்டு எழுதலாம். மற்றொருவர் அச்சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கலாம். வேறொருவர் நோயாளியின் கோப்பினைக் கணினியில் பதிவு செய்யலாம். மூவர் கையிலும் இருப்பது பிறருடைய அமானிதமே. ஒப்படைத்தவர் திரும்பக் கேட்கும் நாளில் குறைவின்றி அதனைத் திருப்பித் தரும் நல்லோராக நம் மாணவர் விளங்குவாராக!