பிரித்துப் பார்த்துப் படித்த ஜி.டி. நாயுடு

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. ‘இந்தியாவின் எடிசன்’ என்று பின்னாளில் போற்றப்பட்ட ஜி.டி. நாயுடு இவர்தான். இவரது பள்ளிப் படிப்போ தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. இயந்திரப் பொறியியல் படிக்கும் எனக்கு, இவர் கண்டுபிடித்த பொருள்களைவிட இவர் கற்றுக்கொண்ட விதம்தான் வியப்பைத் தருகிறது.

இளம் வயதில், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரூட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததை இவர் கண்டார். அதை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை பிறந்தது. கோவை நகருக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த 300 ரூபாயைக் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார். வேறு யாராக இருந்தாலும் ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டியிருப்பார்கள். இவரோ வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். அதன் பிறகு மெக்கானிக் ஆனார். அந்த வண்டிதான் இவருடைய முதல் கல்லூரி.

1920இல் கடனுதவியோடு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் இவரும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைப் பீளமேட்டில் உருவாக்கினார்கள். இன்று கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்போன நகரம். அந்தப் பெயருக்கு வித்திட்டவர்களில் இவரும் ஒருவர்.

இந்த இடத்தில் நம் கதையையும் கொஞ்சம் பேசலாம். நான் வளர்ந்தது மலாக்கா, புக்கிட் காத்தில். ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகள் மரம் வெட்டும் கத்தியைத் தாங்களே தீட்டினார்கள். கோழிக் கூண்டு, பலகை, அலமாரி எல்லாம் அவர்கள் கையாலேயே உருவாயின. சைக்கிள் டியூப் ஓட்டையை அடைக்க அவர்கள் கடைக்குப் போகவில்லை. நமக்கோ கப்சாயின் செயின் தளர்ந்தால்கூட வொர்க்‌ஷாப்தான் கதி.

இதற்கு நம் சோம்பலை மட்டும் குறை சொல்ல முடியாது. கைவேலை என்றாலே தோட்டத்துக் கஷ்டம் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். பிள்ளைகள் அந்தக் கஷ்டத்தில் சிக்கக் கூடாது, படித்து முன்னேற வேண்டும் என்று ஸ்பேனரை நம் கையில் கொடுக்காமல் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அந்த அன்பால்தான் நாம் பல்கலைக்கழகம் வரை வந்திருக்கிறோம். ஆனால், கஷ்டத்தை விட்டு வந்தபோது கைத்திறனையும் சேர்த்து விட்டுவிட்டோம்.

கைவேலையும் அறிவும் வேறு வேறு அல்ல என்பதை நாயுடு வாழ்ந்து காட்டினார். கோவையில் 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக இவரே முக்கியக் காரணம். இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, பட்டறையில் பழகினால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது இவரது கருத்து. அரசு அதை ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். இரண்டு ஆண்டு போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பட்டறை இல்லாத படிப்பு பாதிப் படிப்பு என்பதில் ஐயமே இல்லை.

1974 ஜனவரி 4ஆம் நாள் இவர் மறைந்தார். எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள வேண்டும் என்பது இவர் வாழ்க்கை தரும் பாடம் அல்ல. மோட்டார் சைக்கிளை இவரும் காசு கொடுத்துத்தானே வாங்கினார்? வாங்குவதில் தவறில்லை. வாங்கிய பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரியாமலே அதைத் தூக்கி எறிவதுதான் இழப்பு. அந்த இழப்பு நம் பணப்பையோடு நிற்பதில்லை. தெரிந்தவர்கள் மறையும்போது, கேட்டுக்கொள்ளவும் ஆள் இல்லாமல் போகிறது.

மாணவ நண்பர்களே, செயினிலிருந்தே தொடங்கலாம். எஞ்சினை அணைத்து, பின்சக்கர நட்டைத் தளர்த்தி, இரு பக்கத் திருகுகளையும் சம அளவு திருப்புங்கள். இரண்டு பக்கக் குறிகளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பிறகு நட்டை நன்றாக இறுக்குங்கள். முதல் முறை மட்டும், பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் தாத்தாவாகவோ பெரியப்பாவாகவோ இருந்தால், செயினோடு இன்னும் பல விஷயங்கள் உங்கள் கைக்கு வந்து சேரும்.