மலக்குழி ஓரத்தில் நின்ற மகா வைத்தியர்

இத்தாலி தேசத்தில் மோடனா என்று ஒரு நகரம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வீடுகள் உயரமாகவும் நெருக்கமாகவும் இருந்தன. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மலக்குழிகளை ஆள் விட்டுச் சுத்தம் செய்வது அவ்வூர் வழக்கம்.

ஒரு நாள் டாக்டர் பெர்னார்டினோ ரமட்ஸினியின் வீட்டில் அந்த வேலை நடந்தது. வேறு யாராயிருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள். ரமட்ஸினி நின்று பார்த்தார். குழிக்குள் இருந்த தொழிலாளி பேய் பிடித்தவர் போல அவசர அவசரமாக வேலை செய்து கொண்டிருந்தார். ஏன் இந்த அவசரம், கொஞ்சம் நிதானமாகச் செய்தால் உடம்பு அலுக்காதே என்று டாக்டர் இரக்கத்தோடு கேட்டார்.

தொழிலாளி நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னார். அந்தக் குழியில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடுமாம். வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, இருட்டறையில் அடைந்து, வெதுவெதுப்பான தண்ணீரால் கண்ணைக் கழுவிக்கொண்டு மறுநாள் வரை கிடப்பார்களாம். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

தொழிலாளி மேலே ஏறி வந்ததும் டாக்டர் அவருடைய கண்களைச் சோதித்தார். சிவந்து, மங்கிக் கிடந்தன. தொண்டை எரிகிறதா, தலை வலிக்கிறதா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, கண் மட்டும்தான். பிறகு ஊரில் கவனித்துப் பார்த்தால், இதே வேலை செய்து குருடாகிப் பிச்சையெடுப்பவர்கள் கண்ணில் பட்டார்கள். மலக்குழியில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கண்ணைப் புண்ணாக்கும் என்பது இன்று நமக்குத் தெரியும். அன்று அந்த வாயுவுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஒரு மனிதர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தே வைத்தியர் நோயைப் பிடித்தார்!

பட்டறை பட்டறையாக

ரமட்ஸினி 1633-ல் கார்ப்பி என்ற ஊரில் பிறந்தவர். பார்மா நகரில் படித்து 1659-ல் பட்டம் பெற்றார். 1682-ல் மோடனா சர்வகலாசாலையில் பேராசிரியரானார். பெரிய மனிதர்களின் நாடியைப் பிடித்துக்கொண்டே சௌக்கியமாகக் காலம் தள்ளியிருக்கலாம். அவரோ பட்டறைகளுக்குள் புகுந்தார்.

குயவர்கள் மெருகு பூச ஈயத்தை அரைத்தார்கள். முதலில் கை நடுங்கியது, பின்பு விளங்காமல் போயிற்று, பல்லும் விழுந்தது. வெனிஸ் பக்கத்தில் முரானோ தீவில் பெரிய பெரிய கண்ணாடி செய்கிறவர்கள் பாதரசத்தில் புழங்கி வாதமும் இரைப்பும் கண்டார்கள். தாங்கள் செய்த கண்ணாடியிலேயே தங்கள் கோலத்தைப் பார்க்க நேர்ந்தது அவர்கள் தலைவிதி. தையல்காரர்களும் செம்மான்களும் குனிந்து குனிந்தே கூனிப்போனார்கள். அவர்கள் திருவிழா ஊர்வலம் போனால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பார்த்ததோடு நிற்காமல், ஒவ்வொரு தொழிலுக்கும் ஏற்ற யோசனை சொன்னார். தானியம் புடைப்பவர் வாயைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். நின்றே வேலை செய்பவர் நடுவில் உட்கார வேண்டும். உட்கார்ந்தே இருப்பவர் விடுமுறை நாளிலாவது உடம்பை அசைக்க வேண்டும். மலக்குழியில் இறங்குபவர் மெல்லிய சவ்வுப் பையால் முகத்தை மூடலாம். கண் பலவீனமானால் வேறு வேலை தேடுவது நல்லது. இன்றைய தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரி தொழிலாளியின் பக்கத்தில் நின்று கவனித்துத் திருத்துகிறாரே, ஏறக்குறைய அதே காரியம்தான்.

யோசனை சொல்வது சுலபம். வேறு வேலைக்கு எங்கே போவது? குழியில் இறங்காவிட்டால் அன்று அடுப்பு எரியாது. இது ரமட்ஸினிக்கும் தெரிந்தே இருந்தது. ஏழைத் தொழிலாளி நெடுநாள் படுத்திருக்க மாட்டார், பாதி குணத்தோடு பட்டறைக்குத் திரும்பிவிடுவார், ஆகவே சீக்கிரம் குணப்படுத்துங்கள் என்று மற்ற வைத்தியர்களுக்கு எழுதினார். ஈயத்தையும் பாதரசத்தையும் கொடுத்து வேலை வாங்கிய முதலாளிகளை அவர் இன்னும் உறைக்கக் கேட்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் தொழிலாளியிடம் போய்க் கேட்கலாம் என்ற எண்ணமே அப்போது பலருக்கு வரவில்லை.

ஒரு கேள்வி

1700-ல் தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய லத்தீன் நூல் மோடனாவில் வெளிவந்தது. ஏழை வீட்டுக்குப் போகும் வைத்தியர் நின்றபடியே நாடி பார்த்துவிட்டு ஓடக்கூடாது. முக்காலிதான் இருந்தாலும் தங்க நாற்காலி போல எண்ணி அதில் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்றார். ஹிப்பாக்ரடிஸ் காலத்திலிருந்து வைத்தியர்கள் நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோடு புதிதாக ஒன்றையும் சேர்த்தார். என்ன தொழில் செய்கிறாய் என்பதே அது.

அதே வருஷம் பதுவா சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. அங்கே பாடம் சொல்லிக்கொண்டே மேலும் பல தொழில்களை ஆராய்ந்து, 1713-ல் நூலை விரிவாக்கி வெளியிட்டார். அதற்குள் அவருடைய சொந்தக் கண்களே மங்கிவிட்டன. எண்பது வயதைக் கடந்தும் மாணவர்களுக்குக் கற்பித்து வந்தவர், 1714 நவம்பரில் பதுவாவில் காலமானார்.