மஞ்சள், பச்சை, நீலம்: ஒரு நோயாளி தந்த சன்னல்கள்



பிரான்சு நாட்டின் தென்கோடியில், நீஸ் நகருக்கு அருகே, வான்ஸ் என்றொரு மலையூர் உள்ளது. அங்கே தொமினிக்கன் சபை அருட்சகோதரிகளின் செபமாலை அன்னை சிற்றாலயம் இருக்கிறது. வெளியே வெள்ளைச் சுவரும், நீலமும் வெள்ளையுமான ஓட்டுக்கூரையும், மெல்லிய இரும்புச் சிலுவையும்தான் தெரியும். அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை உள்ளே சென்றுதான் பார்க்க வேண்டும். அவற்றை உருவாக்கியவர், ஆலய வழிபாட்டில் பழக்கமில்லாத ஓர் ஓவியர். பெயர் ஹென்றி மத்தீஸ்.

1869 டிசம்பர் 31 அன்று வடபிரான்சில் பிறந்தவர் அவர். சட்டம் படித்து, வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். குடல்வால் நோயால் படுக்கையில் கிடந்தபோது, பொழுதுபோக்கிற்காக அவருடைய தாய் வண்ணப்பெட்டி ஒன்றை வாங்கித் தந்தார். அதோடு சட்டப் புத்தகங்கள் மூடப்பட்டன. பிறகு அடைந்த உலகப் புகழை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

1941-இல், 71 வயதில், புற்றுநோய்க்காக அவருக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தாலும் அதன்பின் பெரும்பாலும் கட்டில், இல்லையேல் சக்கர நாற்காலி. அடுத்த ஆண்டு நீஸ் நகரில் இரவு நேரத்தில் தம்மைப் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியரைத் தேடினார். 21 வயது மோனிக் பூர்ஷ்வா வந்தார். அவருக்கும் படம் வரைவதில் ஆர்வம் உண்டு. மத்தீஸ் அவரைத் தம் ஓவியங்களிலும் வரைந்தார். அந்தப் பெண் துறவு மடத்தில் சேரப் போவதாகச் சொன்னபோது முதியவருக்குப் பிடிக்கவில்லை, தடுக்கப் பார்த்தார். மோனிக் கேட்கவில்லை. அருட்சகோதரி ஜாக்-மரி ஆனார்.

மத்தீஸ் 1943-இல் வான்ஸ் ஊரில் குடியேறினார். அருட்சகோதரியும் அங்கே அவர் வீட்டருகே இருந்த சபை இல்லத்திற்கு வந்தார். சகோதரிகளுக்கு அப்போது முறையான ஆலயம் இல்லை. 1947-இல் அவர் சன்னல் ஒன்றிற்காக அன்னையின் விண்ணேற்பை வரைந்து, பழைய நோயாளியிடம் காட்டினார். எல்லாம் அங்கேதான் தொடங்கியது. சபையின் இளம் துறவி ரேசிகியே கட்டட வரைபடத்தோடு வந்து சேர்ந்தார். மத்தீஸ் மற்ற வேலைகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு நான்கு ஆண்டுகள் உழைத்தார்.

பங்குத்தந்தையராகிய நாம் இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. கோவிலுக்கு வராதவரிடம் கோவில் வேலைக்காகப் போவதா என்ற கேள்வி நம் பங்குப் பேரவைகளில் எழாமல் இல்லை. நாமே அதற்குத் தலையாட்டியதும் உண்டு. அந்தச் சகோதரி அவருடைய நம்பிக்கையை அளந்து பார்த்துவிட்டுப் பணிவிடை செய்யவில்லை. படத்தைக் காட்டியபோதும் அளக்கவில்லை.

சன்னல் எளிதில் அமையவில்லை. கட்டிலிலும் நாற்காலியிலும் இருந்தபடியே வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி வடிவமைத்தார். முதல் மாதிரி கைவிடப்பட்டது. இரண்டாவதில், கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகளுக்கு இடம் விடவில்லை. முழு அளவில் செய்து முடித்ததை ஒதுக்கிவிட்டு, எண்பதை நெருங்கிய அந்த மனிதர் மறுபடி தொடங்கினார். மூன்றாவதுதான் வாழ்வின் மரம். வறண்ட நிலத்திலும் பூக்கும் சப்பாத்திக்கள்ளியின் இலையும் பூவும் அதில் விரிகின்றன. மூன்றே நிறங்கள்: மஞ்சள், பச்சை, நீலம். பச்சையும் நீலமும் தெளிந்த கண்ணாடி, வெளியே உள்ள மரங்கள் அதன் வழியே தெரியும். மஞ்சள் மட்டும் மங்கலானது. அது ஒளியை விடும், பார்வையை விடாது. நம் கண் மஞ்சளில் தடுக்கப்பட்டு மீண்டும் ஆலயத்திற்குள்ளேயே திரும்புகிறது.

எதிர்ச்சுவர்களில் வெள்ளை ஓடுகள்மேல் கறுப்புக் கோடுகளாகப் புனித தொமினிக், குழந்தையுடன் அன்னை, சிலுவைப்பாதையின் 14 நிலைகள். இவற்றை மூங்கில் கழியின் நுனியில் கரியைக் கட்டி வரைந்து பழகினார். புனிதருக்கும் அன்னைக்கும் கண், மூக்கு, வாய் இல்லை. முகத்தைப் பார்த்துச் செபித்துப் பழகிய நமக்கு இது முதலில் உறுத்தும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1951 சூன் 25 அன்று ஆயர் சிற்றாலயத்தை அர்ச்சித்தார். மத்தீசால் வர இயலவில்லை, உடல் அவ்வளவு தளர்ந்திருந்தது. 1954 நவம்பர் 3 அன்று நீஸில் இறந்தார். அருட்சகோதரி ஜாக்-மரி 2005 வரை வாழ்ந்தார்.

குளிர்கால முற்பகலில், பதினோரு மணியளவில், அந்தச் சன்னல்களைப் பார்ப்பது நல்லது என்பார்கள். கதிரவன் தாழ்வாக இருக்கும் அந்நேரத்தில் மூன்று நிறங்களும் வெண்தரையில் விழுந்து, சிலுவைப்பாதைச் சுவர்வரை நகர்ந்து செல்கின்றன.