உரையாசிரியர் பால்சமோன்

கான்ஸ்டாண்டிநோபிளில் பிறந்த தியடோர் பால்சமோன், 12ஆம் நூற்றாண்டுப் பைசாந்தியத் திருச்சபையின் தலைசிறந்த சட்ட அறிஞர். பேராலயத்தின் ஆவணப் பொறுப்பாளராக விளங்கிய அவர், பேரரசர் முதலாம் மனுவேலின் பணிப்பின்படி, திருச்சபை விதிகளும் அரச சட்டங்களும் முரண்படும் இடங்களை ஆராய்ந்து விரிவான உரை வரைந்தார்.

பின்னர் அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தையானார். அந்நகர் இலத்தீனியர் வசமிருந்தமையால், தலைநகரிலேயே வாழ நேர்ந்தது.

ஓர் ஆயரை ஒரு பீடத்திலிருந்து மற்றொன்றிற்கு மாற்றுவது விதிக்கு ஒக்குமா எனப் பேரரசர் இரண்டாம் ஈசாக்கு அவரை வினவினார். தலைநகரின் பீடம் அவருக்கே வாய்க்கும் என்னும் நம்பிக்கையையும் ஊட்டினார். ஒக்கும் என்றே பால்சமோன் தீர்ப்பளித்தார். 1189இல் அத்தீர்ப்பின் துணைகொண்டு எருசலேமின் தொசித்தேயுவை அப்பீடத்தில் அமர்த்தினார் பேரரசர்.

விரும்பிய பீடம் பால்சமோனுக்குக் கிட்டவில்லை. அவர் எழுதிய உரையோ கீழைத் திருச்சபைச் சட்டம் பயில்வோரால் இன்றும் நாடப்படுகிறது.